பாதி வெலைக்கு வந்த நீலப் பட்டை

எவனோ ஒரு மகராசன் என்னய நல்லா ஏமாத்திப்புட்டானுங்க தம்பி. ஆருன்னு அப்பறம் சொல்றேன், நீங்க மொதல்ல இப்படி உக்காருங்க. அந்த வாக்கி டாக்கி கத்துனாக் கத்தீட்டுப் போகுது, அத ஆஃப் பண்ணுங்க. இந்த சல்சா திருவிழாவ நடத்தறவரு நீங்கதானுங்களே? அப்பப் பஞ்சாயத்து உங்ககிட்டத்தான். வேற எங்க போறது, கலெக்டர் ஆபீசுக்கா?

என்ன பஞ்சாயத்துன்னா, வெள்ளிக்கெழம வந்தவ, இன்னைக்கு ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆயிப்போச்சு. இந்தக் கல்யாண மண்டபத்துல ஒரு ஆம்பள, ஒரே ஒரு ஆம்பள, என்ற முன்னால வந்து நின்னு, வாங்க ஆடலாம்னு கைய நீட்டலீங்க. ஒரு பாட்டுக்குக் கூட.

ஆடுனீங்களே, நான் பாத்தனேங்கறீங்களா? ஆடுனேன். ஆடாம உக்காந்திருக்கறதுக்கா நாமக்கல்லுல இருந்து சேலத்துக்கு வந்தேன்? ஆனா அது நான் ஆட வந்த ஆட்டம் இல்லீங்க. பொறுங்க, அதுக்குத்தான் வாரேன். எந்திரிக்காதீங்க. ஸ்பீக்கரு வேல செய்யலைன்னா அதுக்கு ஆளு இருக்குது.

என்னையத் தெரியுமுங்களா? வசந்தாமணி. முட்டை யாவாரம். கல்யாணமான புதுசுல டிவிஎஸ் அம்பதுல பின்னாடி தட்டைக் கட்டீட்டு டீக்கடை டீக்கடையாப் போட்டவ. இன்னைக்கு ரண்டு வண்டி ஓடுது. கோழிப் பண்ணக்காரங்க என்னையத் தூரத்துல பாத்தாலே, வெல கொறச்சுக் கேக்க வந்துட்டாடா சாமின்னு போனக் காதுல வெச்சுக்கிட்டு அக்கட்டால போயிருவாங்க. பொய்ப் போனு. அதுவும் எனக்குத் தெரியும். நானும் பக்கத்துல போயி நின்னுக்குவேன், எத்தன நேரந்தான் பேசறான்னு பாக்கலாம்னு.

நான் எப்படி சல்சாவுக்கு வந்தேன்னு கேட்டாச் சிரிப்பீங்க. இங்க சேலத்துல அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு பேக்கரிக்கு முட்டை போடறேன். போன வருசம் ஒரு நாளு தட்ட எறக்கீட்டு இருக்கறேன், மேல மாடில தடதடதடன்னு ஒரே சத்தம். கட்டடமே அதிருது. தட்டுல முட்டை ஒண்ணோட ஒண்ணு பேசுது. எவன்டா அவன்னு திட்டறதுக்குத்தான் படியேறுனேன். பாத்தா தனப்பிரியான்னு ஒரு புள்ள, சோடி போட்டு ஆடற இந்த சல்சா ஆட்டங் கத்துக் குடுக்கறா. எல்லாம் பொம்பளைங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, வாங்கக்கா, செருப்பக் கழட்டுங்கன்னா. கழட்டீட்டேன். கீழ பேக்கரிக்காரரு கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்துட்டு, கடைசில அவரே தட்ட எறக்கி வெச்சுக்கிட்டாரு.

ஊட்டுலயா? ஊட்டுல தீவன மீட்டிங்குன்னு சொல்லியிருக்கறேன். கோழித் தீவனத்துக்கு வாரா வாரம் அப்படி என்ன மீட்டிங்குன்னு எங்கூட்டுக்காரரு இன்னைக்கு வரைக்கும் கேக்கலீங்க. அந்த மனுசன் எதையுந்தான் கேக்கறதில்ல.

தனப்பிரியாதான் சொன்னா. அக்கா, எத்தன நாளைக்கு நாமளே நமக்குள்ள மாறி மாறி ஆடறது, திருவிழாவுக்குப் போங்க, பெங்களூரு, சென்னை, கொச்சின்னு ஊரு ஊருல இருந்து ஆடறவிய வருவாங்க, நல்லா லீடு பண்ற ஆளு கையில மாட்டுனா அந்த ஆட்டமே வேறன்னா. கூட்டிட்டுப் போறது அவிய வேல, கூடப் போறது மட்டுந்தான் உங்க வேல, கண்ண மூடிக்கிட்டாக் கூடக் காலு தானாப் போகும்னா. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் வந்தது.

நடத்தறது நல்லாத்தான் நடத்தறீங்க. ஆனாச் சொல்றதையும் சொல்லோணுமில்ல? கல்யாண மண்டபத்துக் கிரானைட்டுல எவனாவது சல்சா ஆட உடுவானா? மொத நாளே பொத்து பொத்துன்னு உழுந்தாங்க. வழுக்குதுன்னு சொன்னதுக்கு நீங்க பவுடரு டப்பாவக் கொண்டாந்து கொட்டுனீங்க. வழுக்கற தரைல பவுடரு கொட்டுன மனுசன நான் இப்பத்தானுங்க பாக்கறேன். பொறவு பாதிப் பேரு உழுந்தாங்க, பாதிப் பேரு தும்முனாங்க. மேடைல மாப்ள பொண்ணு உக்கார்ற சோபாவுல உங்க டீஜே உக்காந்திருக்கறாரு. பின்னால பல்பு போட்ட மயிலு தோகை விரிச்சு நிக்குது. அவரு போடற பாட்டு, அடேயப்பா, நாயி தொரத்துனாப்புல. அம்பதத் தாண்டுனவளும் ரண்டு பேரு வந்திருப்பாங்க, ஒரு பாட்டாவது மெதுவாப் போடலாம்னு அந்த மயிலுக்காவது தோணியிருக்கோணும்.

க்யூபா மாஸ்டருன்னு ஒருத்தரக் கூட்டியாந்தீங்களே. பூப்போட்ட சட்டை, பேச்சுக்குப் பேச்சு ஸ்பானிசு. நேத்துப் பந்தில அப்பளம் வரலீன்னு சமையக்காரர்கிட்ட அவரு பேசுன பேச்சுல தெரிஞ்சுபோச்சு, அது கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துல இருக்கற க்யூபான்னு. சொல்லிக் குடுத்தது நல்லாத்தான் குடுத்தாரு, அதுல கொறை இல்ல.

இந்தப் பெரிய ஆட்டக்காரங்கன்னு ஒரு கும்பலு. அவிய அவியகூடத்தான் ஆடுவாங்க. நடுவுல எடத்தப் புடிச்சுக்கிட்டு, சுத்தி நாலு பேரு போன நீட்டிப் படம் புடிக்க. மத்தவிய பக்கத்துல போயிக் கேட்டா, தண்ணி குடிச்சுட்டு வாரேன்னு ஓடிருவாங்க. அழகா ஆடறவ வந்து கேட்டா மட்டும் அந்தத் தாகம் வர்றதில்ல. அப்பறம் இந்த வேர்வை. சட்டை நனஞ்சா மாத்திக்கோங்கன்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க. படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனும் வரலையாட்ட இருக்குது. கோழிப் பண்ணைக்குள்ள புழங்கறவ நான், எனக்கே மூக்கப் புடிக்கறாப்புல ஆயிப்போச்சுன்னாப் பாத்துக்கோங்க.

இருங்க, நல்லதையும் சொல்லிப்போடறேன். பாட்டு முடிஞ்சா ஒரு சிரிப்பு, ஒரு தேங்க்ஸு, அவிய அக்கட்டால, நாம இக்கட்டால. அது எனக்கு நெம்பப் புடிச்சுது. எந்த ஊரு, என்ன கொலம், என்ன கூட்டம், எத்தன ஏக்கரா, புள்ளைக்குக் கல்யாணம் முடிச்சாச்சா, ஒண்ணுங் கேக்கறதில்ல. எங்க பக்கம் ஒரு விசேசத்துக்குப் போனா, சோறு எலைக்கு வர்றதுக்குள்ள நம்ம சொத்து பத்தெல்லாம் பக்கத்து எலைக்காரிக்குத் தெரிஞ்சிரும். இங்க என்ற பேரே ஒருத்தருக்குந் தெரியாது. தலையில இருந்து ஒரு மூட்டைய எறக்கி வெச்சாப்புல இருந்துச்சுங்க. அந்த வகைல நீங்க புண்ணியவான்.

சரி, இப்ப அந்த மகராசன் சங்கதி. வெள்ளிக்கெழம தலைல தொப்பியோட வாசல்ல மேசை போட்டு உக்காந்திருந்தான். ரண்டு வித டிக்கெட்டு. ஃபாலோன்னா கூடப் போறவிய, செவப்புப் பட்டை, முழு வெல. லீடுன்னா கூட்டிட்டுப் போறவிய, நீலப் பட்டை, பாதி வெல. ஆம்பளைங்க வர்றதில்ல, அதனால பாதி வெல. எது கொறச்சலுன்னு கேட்டேன். ஆமாங்க, கேட்டேன். கேக்காம இருந்தா நான் வசந்தாமணியா? நீலம்னான். கட்டுன்னு கைய நீட்டீட்டேன். கையில கட்டற பட்டைதானே, உள்ள போயிட்டா எவன் பாக்கப் போறான்னு நெனச்சேன். சினிமாக் கொட்டாயில தரை டிக்கெட்ட வாங்கீட்டு, இருட்டுனதும் பெஞ்சுல போயி உக்காந்தவளுங்க நானு. ஒருத்தனும் எழுப்பி உட்டதில்ல.

அந்த மகராசன் ஒரு வார்த்தை சொன்னானா? அக்கா, இதக் கட்டுனா உங்கள ஆம்பள வரிசைல நிறுத்திப்போடுவாங்க, ஒருத்தனும் உங்கள ஆடக் கூப்ட மாட்டான்னு சொன்னானா? சிரிச்சுக்கிட்டே கட்டி உட்டான். பட்டையா அது? இழுத்துப் பாத்தேன், பல்லுல கடிச்சுப் பாத்தேன், சோப்புப் போட்டுப் பாத்தேன், வருவனாங்குது. மாத்திக் குடு, மீதிக் காசத் தாரேன்னு போனேன். செவப்பு தீந்துபோச்சுன்னான்.

நீங்களே போயிக் கேட்டிருக்கலாமேங்கறீங்களா? கேட்டேனே! மைக்குல நெம்ப முற்போக்காப் பேசுனீங்க, பொம்பளையும் லீடு பண்ணலாம், ஆரு வேணாலும் ஆரையும் கூப்டலாம்னு. அத நம்பித்தான் கண்ணாடி போட்ட ஒரு தம்பிகிட்டப் போயிக் கேட்டேன். என்ற கையப் பாத்தான். தன்ற கையக் காட்டுனான். நானும் நீலந்தானுங்க ஆன்ட்டின்னுட்டுப் போயிட்டான். உங்க முற்போக்கு இந்தப் பட்டை கிட்ட வந்து நின்னுபோச்சு.

பொறவென்ன. இங்க நடத்தற கிளாஸுக்குப் போனா, நீலமெல்லாம் இந்தப் பக்கம்னு ஆம்பளைங்களோட நிறுத்துனாங்க. ஆட்டத்துக்கு வந்தா, செவப்புப் பட்டை கட்டுன புள்ளைங்க செவுத்தோரமா வரிசையா உக்காந்திருக்குதுங்க, கூப்ட ஆளில்லாம. அதுல ஒண்ணு என்ற கையப் பாத்துட்டு எந்திரிச்சு வந்துச்சு. ஷாஹீன்னு பேரு, சேலத்துல துணிக்கடை வெச்சிருக்கறவிய ஊட்டுப் புள்ள. அக்கா நீங்க லீடா, ஒரு பாட்டு ஆடலாமான்னுச்சு. அந்த மொகத்தப் பாத்துட்டு மாட்டேன்னு எப்படிங்க சொல்றது? தனப்பிரியா கிளாஸுல மாறி மாறி ஆடுனதுல எனக்கும் கொஞ்சங் கை வரும். புடிச்சேன். லோடு வண்டிய சந்துக்குள்ள ரிவர்ஸு எடுக்கறாப்புல, ஒருத்தரு மேலயும் இடிக்காமக் கொண்டுபோயிக் கொண்டாந்து நிறுத்துனேன். அது போயி என்னத்தச் சொல்லுச்சோ, அடுத்த பாட்டுக்கு வரிசைல நிக்குதுங்க. அந்தக்கா கைய முறுக்கறதில்ல, அந்தக்கா உழுக உடறதில்லன்னு. உங்க பெரிய ஆட்டக்காரங்களுக்கு நிக்காத வரிசை எனக்கு நின்னுச்சுங்க. பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா வந்ததுல இருந்து இங்கயும் நாந்தானுங்க எல்லாத்தையும் ஓட்டீட்டுத் திரியறேன்.

நீங்க கேட்டு வாங்குனதுதானேக்கான்னு சொல்லாதீங்க. சொல்லாதீங்கன்னா! எங்க யாவாரத்துல கீறலு முட்டைன்னு ஒண்ணு இருக்குது. டார்ச்ச அடிச்சுப் பாத்துத் தனியாப் பிரிச்சு வெச்சிருவோம். பேக்கரிக்காரரு கொறஞ்ச வெலைக்கு வேணும்னா அதத்தான் குடுப்பேன். குடுக்கறப்ப, இது கீறலுங்க, இன்னைக்கே ஒடச்சு ஊத்திப்போடுங்க, நாளைக்கு வெச்சா ஆகாதுன்னு சொல்லித்தான் குடுப்பேன். அவரு கேக்க மாட்டாரு. நானாச் சொல்லுவேன். வெலையக் கொறச்சுக் கேக்கறது வாங்கறவ சாமர்த்தியம். சரக்குல என்ன கொறைன்னு சொல்றது விக்கறவன் பொறுப்பு. நான் பேரம் பேசுனது தப்பே இல்ல. வாயத் தொறக்காமக் கட்டி உட்டீங்களே, அதுதான் தப்பு.

ஆமா, நீங்கதான். பின்ன வேற ஆரு? அன்னைக்குத் தொப்பி போட்டுட்டு உக்காந்திருந்தீங்க, இன்னைக்குத் தொப்பி இல்லீன்னா எனக்கு ஆளு தெரியாதா? எத்தன பண்ணக்காரங்களப் பாத்தவ நானு.

எதுக்கு இப்பப் பாக்கெட்டுல கைய உடறீங்க? குடுத்த காசத் திருப்பித் தர்றீங்களா? வேண்டாம், வைங்க. ஒருத்தன் காசத் திருப்பித் தாரேன்னு சொல்லி நான் வேண்டாம்னது என்ற ஆயுசுலயே இதுதான் மொதத் தடவ, தெரிஞ்சுக்கோங்க. அடுத்த வருசம் செவப்புப் பட்டை சும்மாவா? அது அடுத்த வருசத்துக் கத. அங்க பாருங்க, சாய்ங்காலம் இங்க நடக்கற கல்யாண வரவேற்புக்கு வாழமரம் வந்து எறங்கீருச்சு. வெங்காயம் உரிக்கற நெடி இங்க வரைக்கும் அடிக்குது. மண்டபத்து மேனேஜரு வந்து மொறச்சுட்டுப் போயிட்டாரு. டீஜே இதுதான் கடைசிப் பாட்டுன்னு சொல்லிப்போட்டாரு.

ஒரு பாட்டுக்கா இத்தன ரோசங்கறீங்க. ரோசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நேத்து ஊட்டுக்குப் போறப்ப பஸ் ஸ்டேண்டுல ரோட்டத் தாண்டறதுக்கு நின்னேன். அப்ப நெனச்சுப் பாத்தேன். ரோட்டத் தாண்டறப்ப மாமியாளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது நானு. புள்ள சின்னதா இருந்தப்ப அதையும் நானு. எங்கூட்டுக்காரருக்குக் கண்ணு ஆபரேசன் ஆனதுல இருந்து அவரையும் நாந்தான். ஏனுங்க, கல்யாணத்தன்னைக்கே பாருங்க. மணவறையச் சுத்தறப்ப மாப்ளதானே முன்னால போகோணும்? இந்த மனுசன் வேட்டி தடுக்கி நின்னுட்டாரு. நாந்தான் அந்தக் கைய இழுத்துக்கிட்டுச் சுத்தி முடிச்சேன். சொந்தபந்தம், ஒறம்பறை சனமெல்லாம் சிரிச்சுது, நானுஞ் சிரிச்சேன். என்ற கையப் புடிச்சு, வா இப்படின்னு ஒருத்தரும் எங்கயுங் கூட்டிட்டுப் போனதில்லீங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் விசயம், வேற ஒண்ணுமில்ல.

அதனால எந்திரிங்க. ஆடத் தெரியாதுன்னெல்லாம் சொல்லாதீங்க. இத்தன பேர ஆட வெக்கறவருக்கு ஆடத் தெரியாம இருக்குமா? வந்ததுல இருந்து பாக்கறேன், கதவுக்கும் மேடைக்கும் ஓடறீங்களே ஒழிய நீங்களும் ஒரு பாட்டுக்கு ஆடல. போனு அடிச்சா அடிக்கட்டும். பட்டை கெடக்குது, அதப் பாக்காதீங்க, என்ற மொகத்தப் பாருங்க. பாட்டு ஆரம்பிச்சிருச்சு. கைய நீட்டுங்க சாமி. நீங்கதான் நீட்டோணும். ஆங். எந்தக் காலு மொதல்லன்னு நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.