பிரான்ஸ் ரீவி

— கழட்டாதை தம்பி. உதை அப்பிடியே விடு.

— சோமசேகரம் அண்ணைதான் அக்கா காலமை மானிப்பாய்க்கு என்ரை கடைக்கு வந்து சொன்னவர். 'செல்வரட்ணம், ஒருக்கா இணுவிலுக்குப் போய் உந்த ரீவியைத் திருத்து, இல்லாட்டித் தூக்கிக்கொண்டு போ. என்ரை மனிசி பராசக்தி அடுப்பையும் மறந்துபோட்டு அதுக்கு முன்னாலை குந்திக்கொண்டிருக்கிறாள்' எண்டு.

— ரெண்டு நேரமும் சமைச்சுத்தான் போடுறன். உவற்றை வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும்.

— சரி விடுங்கோ. உது பிரான்சிலை பாவிக்கிறதுக்கெண்டு செய்த ரீவி. அங்கத்தை ஸ்ரேசன் படம் அனுப்புற முறை வேறை, எங்கடை முறை வேறை. அதுதான் பின்னேரத்திலை போட்டா முகம் கறுப்பாயும் தலைமயிர் வெள்ளையாயும் தெரியுது. சத்தமும் வராது. உள்ளுக்குச் சாமான் மாத்தவேணும்.

— மாத்தினா?

— கொழும்பு ஸ்ரேசன் வடிவாத் தெரியும்.

— கொழும்பு எனக்கென்னத்துக்கு? பிரான்ஸ் தெரியுது, அது காணும்.

— பிரான்சிலையிருந்து வந்த ரீவி எண்டாப்போலை பிரான்சைக் காட்டுமே அக்கா? அச்சுவேலியிலை வாங்கின குடத்துக்குள்ளை அச்சுவேலித் தண்ணியே வருது?

— பகிடி விடாதை. அந்தா பார், பனி கொட்டுது.

— பனியில்லை. மூண்டு மணிக்கு எந்த ஸ்ரேசன்? வெறும் புள்ளி.

— புள்ளிக்குள்ளை ஆள் நடக்குமே? என்ரை நிமலன் நடக்கிறான். இடக்கைத் தோள் சரிஞ்ச நடை. பெத்தவளுக்குத் தெரியாதோ?

— நிமலன் பாரிசிலை வேலை செய்துகொண்டு சுகமா இருக்கிறார் அக்கா. அவர்தானே உதை அனுப்பினவர்.

— அப்பிடிச் சொல்லச் சொல்லி எங்கடை அவர் உனக்கும் படிப்பிச்சு விட்டவரோ?

— இல்லை... அண்ணை...

— தை மாசம் வந்த தந்தியை அந்த விசர் மனுசன் அரிசிப் பானைக்குள்ளை ஒளிச்சு வைச்சவர். சோறு காய்ச்சுறது ஆர்? வேலையாலை வரேக்கை பனிக்குள்ளை விழுந்து விறைச்சுச் செத்துப்போனானாம். உது அவன்ரை அறையிலை கிடந்த ரீவி. கூட்டாளிப் பெடியள் கப்பலிலை போட்டு விட்டவங்கள்.

— தெரிஞ்சுகொண்டே அண்ணையிட்டை ஒண்டும் கேக்கேல்லையோ?

— கேட்டா உடைஞ்சு போடுவார். அதுதான் நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறன். எட்டாம் நாள் செலவும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. பிள்ளை எங்கை போவான்? நடந்துகொண்டே திரியிறான், தனிய. அதுதான் அவனுக்கு முன்னாலை இருக்கிறன்.

— அண்ணை வரட்டும் அக்கா. மூண்டு பேருமா இருந்து கதைப்பம். செய்யவேண்டியதைச் செய்வம்.

— ரவுணுக்குப் போட்டுப் பன்ரண்டு மணிக்கு வாறன் எண்டவர்.

— கோட்டையிலையிருந்து ஆமிக்காரங்கள் ரவுணுக்குச் செல் அடிச்சவங்களாம். றோட்டை மறிச்சிருப்பினம். சுத்தித்தான் வரவேணும்.

— எத்தினை மணிக்கு அடிச்சது?

— பன்ரண்டு மணிபோலை.

— பன்ரண்டு மணியிலையிருந்து நிமலன் தனிய இல்லை தம்பி.

— என்னக்கா சொல்லுறியள்?

— பக்கத்திலை ஒராள் சைக்கிள் உருட்டிக்கொண்டு போறார். முகம் தெரியேல்லை. முதல் எங்கடை அவரோ எண்டு பயந்துபோனன். பிறகு வடிவாப் பாத்தன். அவர் சைக்கிளிலை வெறுங்கையோடை வெளிக்கிட்டவர். இந்தாளின்ரை காரியரிலை ஒரு ரேடியோ இருக்கு, பழைய சைக்கிள் ரியூப்பாலை வரிஞ்சு கட்டி. எங்களிட்டை ஏது ரேடியோ? அப்ப உது வேறை ஆரோ. என்ன?

— அக்கா, ரீவியை நிப்பாட்டுங்கோ.

— வேறை ஆள்தானே? சொல்லன் தம்பி.

— ரவுணிலை ஒருதரிட்டைக் குடுத்துவிடச் சொல்லி, அந்த ரேடியோவை நான்தான் காலமை அண்ணையின்ரை காரியரிலை கட்டிவிட்டனான்.