பாபின் விளிம்பில் ஒரு பிசிறு

தலைமை ஏற்று வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன்பே இந்த ஆலை வாசலை மிதித்த மூத்தோரே! முடியினும் மெல்லிய செம்புக் கம்பியைப் பாபின் என்ற பிளாஸ்டிக் உருளையில் மூவாயிரம் சுற்றுச் சுற்றும் என் தாய்மார்களே! மேடை ஓரத்தில் தலை குனிந்திருக்கும் மேற்பார்வையாளர் அவர்களே! உங்களுக்கு இப்போது அரை வணக்கம்தான். மீதியைப் பிறகு பார்ப்போம்.

நாம் சுற்றும் காயில் என்ன செய்கிறது? மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும். காந்தமானால் இரும்பை இழுக்கும். இழுத்தால் சுவிட்சு சேரும். லிஃப்டு எழும், பம்பு ஓடும். அந்தக் காயில் கருகித் திரும்பி வந்தது. ஒன்றா, இரண்டா? முந்நூற்றுப் பதினாறு!

கம்பியின் குற்றமா? இல்லையாம். மெஷினின் குற்றமா? இல்லையாம். கையின் குற்றமாம்! “ஊர்க்கதை பேசிக்கிட்டே சுத்தினா கருகாம என்ன செய்யும்?” என்றார் இந்த மேற்பார்வையாளர். செவ்வாய்க்கிழமை, பத்தேகால் மணி, நீலச் சட்டை. மறப்பேனா?

கருகியதில் பெரும்பங்கு என் நாத்தனார் சுற்றியது. வேலையை விட்டு நிறுத்தக் கடிதமும் தயார். எனக்கும் அவளுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சில்லை. ஏனென்றா கேட்கிறீர்கள்? என் மகள் கல்யாணச் சாப்பாட்டில் உப்பில்லை என்று பந்தியில் சொன்னாள். சிரிக்காதீர்கள், உப்பு இருந்தது!

ஆனாலும் அவள் கைச்சுத்தம் எனக்குத் தெரியாதா? கருகிய காயில்களைப் பிரித்தேன். பிரித்ததெல்லாம் இடது விளிம்போரமே கருகியிருந்தது. கதை பேசுகிறவள் ஒரே இடத்திலா தவறுவாள்? அப்போதுதான் நினைவு வந்தது. புது பாபின் பெட்டி முதலில் போனது அவள் மேஜைக்கு. அது வந்த நாள் முதல் நம் கட்டைவிரலில் கீறல். கீறலுக்கு மேல் டேப்பு!

என் டேப்பை உரித்தேன். புது பாபினின் இடது விளிம்பைத் தடவினேன். ரத்தம்! அச்சில் வார்த்தபோது நின்றுவிட்ட பிசிறு, ஐயா! அது கம்பியின் காப்புப் பூச்சான வார்னிஷைச் சுரண்ட, சுற்றோடு சுற்று ஒட்ட, சூடேறிக் கருகியது. இவரும் தடவினார், இவர் விரலிலும் ரத்தம். “தப்பு என்னுதும்மா” என்று கடிதத்தைக் கிழித்தார். அப்பாடா என்று ஆலையே மூச்சு விட்டது!

நாத்தனார் ஓடி வந்து என் விரலைப் பிடித்தாள். “அண்ணி... அன்னிக்கு உப்பு இருந்துச்சு.”

“பதினோரு வருஷம் ஆச்சாடி இதைச் சொல்ல?” என்றேன்.

தாய்மார்களே! வலியை மறைக்க டேப்பு சுற்றினோம்; பிழையையும் சேர்த்தல்லவா மறைத்தோம்? இனி கை வலித்தால் கட்டாதீர்கள், கத்துங்கள்!

இப்போது பெட்டி வந்தால் முதலில் தடவுவது மேற்பார்வையாளரின் கட்டைவிரல். ஐயா, இந்தாருங்கள் மீதி அரை வணக்கம். அந்த நீலச் சட்டையை மட்டும் மறுபடி போடாதீர்கள். பொறுமையாய்க் கேட்ட எல்லோருக்கும் நன்றி, முழு வணக்கம்!