குருவி மறந்த நாற்பது மீட்டர்

உன் அண்ணன் இன்று காலை பாலில் ஊறவைத்த ரொட்டியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். நேற்று பாதியைத் துப்பிவிட்டான். ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்தால் தொண்டையில் நிற்பதில்லை. இதை ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை வண்டி வைத்துக்கொண்டு வந்து அவனைக் கூட்டிப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், தங்கச்சி.

நீ இன்னொன்றும் சொன்னாய். "ஊருக்கெல்லாம் மீட்டர்ல நம்பர் பாத்துப் பாத்துப் போட்டுக் குடுத்தவன், தனக்கு மட்டும் போட மறந்துட்டானேண்ணே. நீங்க யாரோ எவரோ, உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். ஆனாலும் அந்த இரண்டு விஷயமும் சரியில்லை. அவன் மறக்கவும் இல்லை, நான் யாரோ எவரோவும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் எழுதுவதே உனக்கு ஆச்சரியமாக இருக்கும். என்னைக் கைநாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விமானத்திலிருந்து குதிப்பவர்கள் இறங்கி வந்ததும் பாராசூட்டை எங்கள் ஷெட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நாங்கள் அதைக் குடை என்போம். நீளமாக விரித்து, கயிற்றைச் சிக்கெடுத்து, மேலே குப்புற விழுந்து காற்றை நெஞ்சால் நெரித்து வெளியேற்றி, பைக்குள் திணிக்க வேண்டும். முட்டியைத் தின்கிற வேலை. உன் அண்ணன் குருவியும் என்னோடு அதே வேலைக்குத்தான் வந்தான். ஒல்லி, ஓரிடத்தில் உட்கார மாட்டான், அதனால் அந்தப் பேர். நான் வைத்ததுதான். குடை மடித்தே குதிக்கவும் கற்றுக்கொண்டான். கிளப்பை நடத்துகிற கேப்டன் அவனைக் குதிக்கிற கூட்டத்தில் சேர்த்துக்கொண்ட பிறகும் என் அறையை விட்டுப் போகவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. நீ பார்த்திருக்கிறாய். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஃபேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும். அவன் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும் நாட்களில் அந்த ஃபேன் ஆளில்லாத கட்டிலுக்கும் போய்க் காற்று வீசிவிட்டுத் திரும்பும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அணைத்துவிட்டு வியர்வையிலேயே படுத்திருப்பேன். எனக்கென்று வேறு யாரும் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தார்கள், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உனக்குப் புரியாது. பார்க்க வாட்ச் மாதிரி இருக்கும், கையில் கட்டிக்கொள்வது. உயரத்தைக் காட்டும். காற்றின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது என்பான் குருவி. தரையில் பூஜ்யம், மேலே போகப் போக எண் ஏறும். வானத்திலிருந்து விழுகிறவனுக்குத் தரை நெருங்குவது தெரியாதாம். படம் விரித்த மாதிரி அப்படியே கிடக்குமாம். தெரியும்போது கையை மீறிப் போயிருக்கும். அதனால் கண்ணை நம்ப மாட்டார்கள், எண்ணை நம்புவார்கள்.

சார்ஜ் போடுவதும் பட்டையைத் துடைத்துத் தட்டில் அடுக்கி வைப்பதும் என் வேலை. உள்ளே வைக்க வேண்டியதை வைப்பது குருவியின் வேலை. உயரத்தை அடியில் காட்டுவதா மீட்டரிலா, இடது கையா வலது கையா, எழுத்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எல்லாம் மூன்று பட்டனில் அடங்கிவிடும். அந்தத் திரையில் இங்கிலீஷில் வரும் சொல்லைக் காட்டிக் காட்டித்தான் அவன் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். ஷெட்டின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் அதே சொல்லை நம் எழுத்தில் எழுதுவான்.

"டேய், எல்லாரும் 'அ'வுல ஆரம்பிப்பாங்க. நீ என்னடா 'பேட்டரி'ல ஆரம்பிக்கிற?" என்றேன்.

"உங்க வயசுக்கு 'அ'வுல ஆரம்பிச்சா முடிக்கிறதுக்குள்ள கண்ணாடி போட்டுருவீங்கண்ணே. முதல்ல தேவைக்கு உள்ளதப் படிங்க."

படித்தேன். இரண்டு மழைக்காலம் ஆயிற்று. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். "கேப்டனுக்குத் தெரிஞ்சா பில்லு எழுதுற வேலையையும் உங்க தலையில கட்டிருவாரு. வாயத் தொறக்காதீங்க." அவன் பேச்சை நான் தட்டியதில்லை. கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

அவன் போகப் போகிற சேதியைக் குடையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கயிறு பிடித்துக்கொண்டே சொன்னான்.

"கடலோரத்துல ஒரு கிளப்புண்ணே. கேமரா தலையில மாட்டிக்கிட்டு குதிக்கணும். கூப்பிட்டிருக்காங்க."

"எப்ப வருவ?"

"அட, கல்யாணத்துக்கா போறேன், பந்தி முடிஞ்சதும் திரும்பி வர? வேலைண்ணே."

"நானும் வரட்டுமாடா?"

அவன் சிரித்தான். கேலியாக இல்லை, நல்லபடியாகத்தான். "நீங்க அங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? அங்கயும் மடிக்க ஆள் இருக்காங்க. இங்க உங்களுக்குப் புதுசா ஒருத்தன் வருவான், அவனோட குறட்டைக்குப் பழகிக்கங்க. என்னோடத விட மோசமா இருக்காது."

ஒரு விழாவுக்குக் குதித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டி வெயிலில் வைத்துவிட்டான்.

எங்களிடம் குதிக்க வருகிறவர்களில் கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. முந்தைய வருஷம் தாழ்வாகத் திரும்பிக் காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஷெட்டிலேயே உட்கார்ந்திருப்பார். டீ வாங்கிக் கொடுப்போம், கதை பேசுவார். சந்தோஷமாகத்தான் இருந்தார். கால் உடைந்த மனுஷன் எங்கேயும் போவதில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. கெட்ட எண்ணமாகத் தோன்றவில்லை, சும்மா தோன்றியது.

விழா நடக்கிற மைதானம் ஒரு மேட்டில் இருந்தது. எங்கள் ஓடுதளத்தைவிட நாற்பது மீட்டர் உயரம். மீட்டருக்கு அது தெரியாது. விமானம் கிளம்பிய தரைதான் அதற்குப் பூஜ்யம். மேட்டில் இறங்கி நிற்கிறவனைப் பார்த்து, நீ இன்னும் நாற்பது மீட்டர் அந்தரத்தில் இருக்கிறாய் என்று சொல்லும். அதனால் கிளம்பும் முன் 'ஆஃப்செட்' என்கிற இடத்துக்குப் போய் அந்த நாற்பதைப் போட்டுவிட வேண்டும். வேறு இடத்தில் இறங்குகிற நாளில் மட்டும் செய்கிற வேலை. தரையில் இருக்கும்வரை எல்லா மீட்டரும் ஒன்று போலத்தான் இருக்கும். மேலே ஏறிய பிறகுதான் அந்த நாற்பது தன் வேலையைக் காட்டும்.

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குருவி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். முதலில் தன்னுடையதற்குத்தான் போட்டான். நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "நாப்பது" என்று எனக்குக் காட்டினான், நானும் படித்தேன். பிறகு மற்றவர்களுடையது. முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனான். எல்லோரும் சாப்பிடத்தான் போயிருந்தார்கள். ஷெட்டில் நல்ல வெளிச்சம் இருந்தது.

நடுப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆஃப்செட் வந்ததும் நின்றேன். நாற்பதைக் கீழே இறக்கிப் பூஜ்யத்தில் விட்டேன். அவனுடையதில் மட்டும். மற்றவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

உண்மையில் நான் எதையும் தப்பாகப் போடவில்லை. வாங்கி வரும்போது எப்படி இருந்ததோ அப்படித் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான்.

விமானம் ஏறும்போது யாராவது பக்கத்தில் இருப்பவன் கையைப் பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. குருவி போட்டதை யாரும் சரிபார்ப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை அவன்மேல்.

நான் முன்பே வேனில் மேட்டுக்குப் போய்விட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்வது என் பொறுப்பு. அவர்கள் ஹெல்மெட்டுக்குள் கேட்கும், அங்கிருந்து பேசவும் முடியும். மற்றவர்கள் சாதாரணமாக இறங்கினார்கள், ஜனங்கள் கை தட்டினார்கள். குருவி எப்போதும் கடைசியாகத்தான் வருவான். அவனுக்கு ஒரு வித்தை உண்டு. தரைக்கு மேலே குடையை ஒரு சுழற்றுச் சுழற்றி வேகம் எடுத்து, புல்லை உரசிக்கொண்டே போய் நிற்பான். அந்தச் சுழற்சியை ஆரம்பிக்க ஒரு எண் இருக்கிறது. அதற்குக் கீழே ஆரம்பித்தால் சுழன்று முடிவதற்குள் தரை வந்துவிடும்.

"அண்ணே, காத்து எப்படி?" என்று கேட்டான்.

அவன் கையைத் தூக்கி மீட்டரைப் பார்ப்பது எனக்குக் கீழேயிருந்து தெரிந்தது. 'மீட்டர்ல நாப்பது இல்லடா' என்று சொல்ல நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

"காத்து நல்லா இருக்கு. வா" என்றேன்.

கால் மட்டும்தான் போகும் என்று நினைத்தேன். இதை நீ நம்ப வேண்டும். முந்தின வாரமே கடைக்குப் போய் ஒரு ரப்பர் விரிப்பும், படுத்தபடியே சிறுநீர் போகிற குடுவையும் வாங்கி என் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். காலொடிந்தவனுக்கு அதெல்லாம் எதற்கு என்று நீ கேட்கலாம். எதையும் முன்யோசனையோடு செய்வது என் பழக்கம்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். குருவியின் மீட்டரைப் பையில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார்.

"இதை நீங்க தொட்டீங்களா?"

"சார்ஜ் போடுவேன், சார்."

கேப்டன் குறுக்கே வந்தார். "சார், இவருக்கு எழுத்தே தெரியாது. பாவம், சம்பளத்துக்கே கைநாட்டு வெக்கிறவர். இவர எதுக்கு சார் போட்டுக் குடையறீங்க?"

அதிகாரி என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அதில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. பெருவிரலில் மை தடவி வைத்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் போட்டவன் அவசரத்தில் தனக்குப் போட மறந்துவிட்டான் என்று முடிவாயிற்று. தொழில் தெரிந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அப்படி நடப்பது உண்டாம். நீயும் அதைத்தான் நம்பி அழுதாய்.

இப்போது அவனுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது, குரலும் போய்விட்டது. உதடு மட்டும் அசையும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் உதட்டைப் படிக்க எனக்குக் கஷ்டமில்லை. "போட்டேண்ணே" என்றான். ஒவ்வொரு தடவையும் அவன் நெற்றியைத் துடைத்து, "இல்லடா குருவி, மறந்துட்ட. யாருக்குத்தான் மறக்காது, விடு" என்று பொறுமையாகச் சொல்வேன். கோபப்பட்டதே இல்லை. இப்போது அவன் அதைச் சொல்வதில்லை. கொஞ்சம் அழுவான், பிறகு கண்ணை மூடிக்கொள்வான். நம்பிவிட்டான். அது அவனுக்கு நல்லதுதான். மனசு அலைந்துகொண்டே இருந்தால் உடம்பு தேறாது.

கேப்டன் இந்த அறையை எங்களுக்கே விட்டுவிட்டார். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்யா" என்று எல்லோரிடமும் சொல்கிறார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கால் கை பிடித்துவிட்டு, அன்று யார் குதித்தார்கள், யார் பயந்து விமானத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொல்வேன். முன்பெல்லாம் நான் பேசும்போது எழுந்து போய்விடுவான், குறுக்கே பேசுவான். இப்போது முழுக்கக் கேட்கிறான்.

நீ வெள்ளிக்கிழமை வருகிறாய் என்று அவனிடம் சொன்னபோது கண் பெரிதாயிற்று, கதவைப் பார்த்தான். அன்றைக்கெல்லாம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பயந்துபோயிருக்கிறான் என்று தெரிந்தது. அதனால் கட்டிலைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன்.

நீ நியாயமானவள். யோசித்துப் பார். உனக்கு வீடு இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். உன் வீட்டில் அவன் பத்தோடு பதினொன்று. அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நீ இதுவரை என்ன செய்திருக்கிறாய்? நான் செய்ததை ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். போலீசில் சொல்ல வேண்டுமென்று தோன்றினால் சொல், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அவனைப் புரட்டிப் படுக்கவைக்க யார் வருவார்கள் என்பதையும் சேர்த்து யோசி.

வண்டிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு, தங்கச்சி. அவனுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.