மூணாம் மைக்

— அவ நெஞ்சுல கை வைக்கிறா, நீங்க இந்த சவுண்டு மேசையிலேருந்து தலைய ஆட்டுறீங்க. இதுக்கு என்னங்க அர்த்தம்?

— முதல்ல அந்த வயரை மிதிக்காம தள்ளி நில்லு. ஆராதனைக்கு வந்தவங்க இன்னும் வாசல்லதான் நிக்கிறாங்க, மெல்லப் பேசு.

— மெல்லத்தான் பேசுறேன். அதே மேடையில அவ பக்கத்துல நின்னு பாடுறவ நான். குருடி இல்ல.

— அட, நெஞ்சுல கை வச்சா, அந்த அக்காவுக்கு அவங்க குரல் காலடி ஸ்பீக்கர்ல சரியா கேக்கலைன்னு அர்த்தம். சனம் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது, "சவுண்டைக் கூட்டு"ன்னு கத்தவா முடியும்? அதான் சைகை.

— அக்காவாம் அக்கா! உங்களைவிடச் சின்னவ அவ.

— முன்னாடி நின்னு பாடுறவங்களை நாங்க எல்லாருமே அப்படித்தான் கூப்பிடுறோம்.

— முடியை ஒதுக்கிக்கிட்டு ஒரு பார்வை பாக்குறாளே, அது?

— ட்ரம்ஸ் சத்தம் காதை அடைக்குது, குறைன்னு.

— வீட்ல நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாத மனுஷன், அவ முடியைத் தொட்டாப் போதும், கை பறக்குது. எனக்கு வயிறு எரியாம என்ன செய்யும்?

— அது வேலைம்மா.

— சரி, வேலை. தோட்டைத் தொடுறாளே, அது என்ன வேலை? நான் தனியாப் பாடுற வரி வரும்போதுதான் தொடுறா, வாரம் தவறாம.

— அந்த வயரைக் கொஞ்சம் சுத்திக் கொடேன், நேரமாச்சு.

— பேச்சை மாத்தாதீங்க.

— மூணாம் மைக்.

— மூணாவது என் மைக்கு!

— ஆமா.

— அப்ப என் தங்கச்சி சொன்னது சரிதான். கடைசி வரிசையில உக்காந்துட்டு வந்து, "வாயை மட்டும் அசைச்சியே, ஏன் பாடலை"ன்னு கேட்டா. நான் அவளையே திட்டினேன். என் குரல் ஹாலுக்குள்ள வர்றதில்லையா?

— வர்றதில்ல.

— எனக்குக் கணீர்னு கேக்குதே!

— உன் காலடி ஸ்பீக்கர்ல மட்டும் கூட்டி வச்சிருக்கேன். உனக்குத் தெரிய வேணாம்னு.

— அடப்பாவி மனுஷா! அவ சைகை காட்டினா, கட்டினவ வாயையே அடைச்சிடுவீங்களா? பொறாமை பிடிச்சவ! நான் பாடுறது வெளிய கேட்டா தன் மவுசு போயிடும்னு பயம். தோ, வாசல்லதான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்.

— ஏய், போகாத, நில்லு! அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. உன் மைக்கை ஏத்தச் சொல்லித்தான் தோட்டைத் தொடுறாங்க.

— ஏத்தச் சொல்லியா? பின்ன இறக்கினது யாரு?

— நான்தான். ஒருநாள் நீ தனியாப் பாட ஆரம்பிச்சதும், மேடையில இருந்த கீபோர்டுக்காரன் வாசிக்கிறதைக்கூட மறந்துட்டு உன்னையே பாத்தான் பாரு, அதுலேருந்து என் கை ஏத்த மாட்டேங்குது.