உங்கள் வீட்டுப் பிள்ளை எழுதிய பதில்

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் பேச வராது, சார். பேருந்தில் யாராவது என் காலை மிதித்தால்கூட, அவர் இறங்கும்வரை பொறுத்துக்கொள்வேன்.

எங்கள் வாட்டர் ஹீட்டர் நிறுவனத்தின் சமூக வலைதளப் பக்கத்தை என்னிடம் கொடுத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான். தலைமை அலுவலகம் வேறு நாட்டில் இருக்கிறது. அவர்கள் எழுதுவதெல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நம் ஆட்களுக்கு அது ஒத்துவராது. நான் வாடிக்கையாளர்களை அக்கா, அண்ணா, அம்மா என்றுதான் அழைப்பேன். பக்கத்தின் முகப்பில் 'உங்கள் வீட்டுப் பிள்ளை' என்று போட்டவனும் நான்தான். அமங்கலமான ஒரு சொல்லை அங்கே அனுமதித்ததில்லை. மேலிடத்தில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

போன மாதம் எங்கள் எஞ்சினியர் மூச்சிரைக்க என் மேசைக்கு வந்தார். புது மாடலில் மின்கசிவு. 'உடனே நிறுத்துங்கள், உயிருக்கு ஆபத்து' என்று தலைமை அலுவலகத்திலிருந்து அறிவிப்பும் வந்திருந்தது.

"இத அப்படியே போட்ருங்க. தண்ணியில கரண்ட் வருது. ஆள் செத்துப்போவாங்க."

பெரியவர்கள் காலையில் எழுந்ததும் பார்க்கும் பக்கம் அது. அதில் போய் இப்படியா எழுதுவது? எனக்கு உண்மையிலேயே கூச்சமாக இருந்தது. அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, பிறகு மாற்றி எழுதினேன்: 'ஓயாமல் உழைக்கும் உங்கள் ஹீட்டருக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுங்களேன், அன்பு உறவுகளே.' கூடவே ஒரு பூப்படம். இதயக் குறிகள் வந்து குவிந்தன.

அதன் கீழே ஒரு தாய் கேட்டிருந்தார்: "தம்பி, குழாயத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது. பாப்பாவக் குளிக்க வைக்கலாமா?"

கேள்வியை முழுதாகப் படித்தேன். பதிலும் எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் பார்க்கும் இடத்தில், நம்பிக் கேட்ட ஒரு அக்காவிடம் எடுத்த எடுப்பிலேயே 'வேண்டாம்' என்பது நம் பழக்கமா, சொல்லுங்கள். ஒரு குழந்தையைப் பற்றிய பேச்சில் ஆபத்து என்ற சொல்லைச் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. 'நம்ம வீட்டுப் பொருள்தானே அக்கா, கவலையே வேண்டாம். குட்டி இளவரசிக்கு எங்கள் அன்பு முத்தங்கள்' என்று எழுதினேன். அவர் நன்றி சொன்னார்.

மறுநாள் அதே இடத்தில் குழந்தையின் அப்பா எழுதியிருந்தார். அதை நான்தான் நீக்கினேன். ஒரு வீட்டுத் துக்கத்தை ஊர் வேடிக்கை பார்க்கக் கூடாது. அவருக்குத் தனியாக ஆறுதல் அனுப்பினேன். இறந்துவிட்டாள் என்று அதில் எங்கும் எழுதவில்லை. பொறுமையாக உட்கார்ந்து எழுதியது, நன்றாகவே வந்திருந்தது.

என் வீட்டில் என்ன ஹீட்டர் என்று கேட்டீர்கள். அதே மாடல்தான், ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. அன்று எஞ்சினியர் படியிறங்குவதற்குள் மனைவியைப் போனில் பிடித்துவிட்டேன்.

"ஹீட்டர் சுவிட்ச அணை. புள்ளைய பாத்ரூம் பக்கம் விடாத. தொட்டா செத்துருவீங்க."

அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, சார். அவர்கள் என் குடும்பம்.