வலது உள்ளங்கை

கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். பலகையின் கடைசி வரி தெரியாது. ஆனாலும் எதையாவது ஊகித்து வாசித்துவிடுவார்கள். முப்பது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முதல் வரியிலேயே, "சுத்தமா தெரியல சார், எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கு" என்று சிரித்தவள் ஒருத்திதான். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை அவளுக்கு. கணவர் இறந்திருந்தார். பதினான்கு வயதில் ஒரு மகள். இரண்டு வருடம் கழித்து அவளைத் திருமணம் செய்துகொண்டேன்.

வேகமாகப் போனால் சொல்லுங்கள். நீங்கள் எழுதி முடிக்கும்வரை நிறுத்திக்கொள்கிறேன்.

எட்டு வருடம் நன்றாக இருந்தோம். பிறகு மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் கடைசிப் பத்து வருடங்கள் அவளிடமிருந்து அழிந்துபோயின. புதிதாக நடப்பதும் கால் மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. கடைக்கு வந்த முதல் நாள் நினைவிருந்தது, கல்யாணம் இல்லை. தினமும் காலையில் கண் விழித்து, "என்ன சார், கண்ணாடி ரெடியா? வீட்டுக்கே கொண்டு வந்துட்டீங்களே" என்பாள். முதல் வாரம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

மகளை மட்டும் தெரிந்தது. அவள் வேறு ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஞாயிறுதோறும் ரயிலில் வருவாள். "என்னடி குட்டி, ஒரே ராத்திரியில இவ்வளவு வளந்துட்டே? என் புடவையை வேற கட்டிக்கிட்டு வந்திருக்கே" என்று அவள் கையைப் பிடித்தால் சாயங்காலம்வரை விடமாட்டாள். நான் இருவருக்கும் காபி கொண்டுவந்து வைப்பேன். "சாருக்கு ஏன் சிரமம்?" என்பாள்.

ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் விளக்கினார். "நடந்ததைச் சேத்து வைக்கிற இடம் கெட்டுப்போச்சு. ஆனா பயம், பிரியம் இதெல்லாம் மூளையில வேற பாதையில போகுது. அது நல்லாவே இருக்கு. நீங்க இதமா நடந்துக்கிட்டா அவங்களுக்கு அது ஞாபகம் இருக்காது, ஆனா மனசுல படியும். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய அந்தப் பாதை பலப்படும்."

அன்றிலிருந்து, அவள் அறைக்குள் நான் நுழையும்போதெல்லாம் வெந்நீரில் பிழிந்த துண்டை அவள் பிடரியில் வைத்தேன். ஒரு மாதத்தில், நான் யார் என்று கேட்டுக்கொண்டே சோபாவில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். டாக்டர் சொன்னது உண்மைதான் என்று அப்போது தெரிந்தது.

பிறகு மகள் வந்து சொன்னாள்: "அங்கிள், அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். தப்பா நினைக்காதீங்க. தினமும் காலையில ஒரு வெளியாளைப் பாத்து முழிக்கிறாங்க. நான் இருந்தா அந்தக் கஷ்டம் இல்லல்ல?"

கோபத்தில் சொல்லவில்லை. அடுத்த மாதப் பரிசோதனையில், அவள் யாரோடு நிம்மதியாக இருக்கிறாள் என்று டாக்டரே பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவானது. அந்த மாதம் மகள் வரவில்லை. அம்மாவுக்காகக் கொஞ்சம் பெரிய வீடாகத் தேடிக்கொண்டிருந்தாள். வரமுடியாததற்கு ஈடாக என் கைபேசிக்கு அவள் குரல்பதிவு தினமும் வரும்: "அம்மா, நான்தான்மா."

கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முடுக்குகிற திருப்புளி ஊசியளவுதான் இருக்கும். மகளின் படத்தை எதிரே வைத்து, குரலை ஓடவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வேன். "நான்தான்மா" என்றதும் அவள் வலது உள்ளங்கையில் ஒரு குத்து. பெரிதாக ஒன்றுமில்லை, "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொள்வாள். உடனே அறையைவிட்டுப் போய்விடுவேன். கால் மணி நேரம் கழித்து, துண்டோடு முன்பக்கமாக வருவேன். "கொசு கடிச்சிருக்கு போல சார்" என்று கையைக் காட்டுவாள். களிம்பு தடவிவிடுவேன். ஒரு நாளைக்கு ஆறு முறை. பரிசோதனைக்கு நான்கு நாள் முன்பே நிறுத்திவிட்டேன், தடம் ஆறவேண்டும் என்று.

பரிசோதனையன்று மகள், "அம்மா, நான்தான்மா" என்று கையை நீட்டியபடி வந்தாள். "குட்டி, வாடி" என்றுதான் இவள் முகம் மலர்ந்தது. ஆனால் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"என்னம்மா, கையைக் குடு."

"வேணாம்டி. ஏன்னு தெரியல... கிட்ட வராதடி, தங்கம்."

டாக்டர் மகளைத் தனியாக அழைத்துப் போய், அம்மாவை எப்போதாவது அடித்திருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார். வெளியே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பத்தாவது படிக்கிறப்ப ஒருதடவை கோவத்துல அவங்களைப் பிடிச்சுத் தள்ளிட்டேன் அங்கிள். அதா இருக்குமா?"

"இருக்கலாம்மா" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். வேறு எந்தப் பழியும் அவள்மேல் நான் போடவில்லை.

அதன்பின் அவள் வரவில்லை. புதிதாகப் பிடித்த வீட்டைக் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் மட்டும் வாரம் இரண்டு முறை அந்தப் பழைய குரலை ஓடவிட்டு, திருப்புளியையும் எடுத்தேன். விட்டுவிட்டால் பாதை மங்கிவிடும் அல்லவா?

ஏழு மாதம் கழித்து மறுபடியும் காய்ச்சல். இந்த முறை பிழைக்கமாட்டாள் என்றார்கள். மகளுக்கு நான்தான் தகவல் சொன்னேன். அதை மறைக்கிறவன் இல்லை நான். உடனே வந்தாள். ஆனால் அறைக்குள் வரவில்லை. "என்னைப் பாத்தா பயப்படுவாங்க அங்கிள். நிம்மதியா போகட்டும்" என்று வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இவள் இரண்டு நாளும், "குட்டி ஏன் இன்னும் வரல? ஸ்கூல் விட்டிருக்குமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கதவு மூடியிருந்தது. வந்துவிடுவாள் என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னேன்.

மூச்சு நின்ற பிறகுதான் மகள் உள்ளே வந்தாள். இனிப் பயப்பட ஆளில்லை என்ற தைரியத்தில் அம்மாவின் கையைப் பிடித்தாள். அப்போதுதான் உள்ளங்கையில் இருந்த குத்துத் தடங்களைப் பார்த்திருக்கிறாள்; உங்களிடம் புகாரும் கொடுத்திருக்கிறாள். அவள் எழுதியிருப்பது அத்தனையும் சரி. செய்தது நான்தான்.

வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்தேன். ஒருமுறை எழுந்து கதவுவரை போனேன். கண்ணாடி வழியே பார்த்தால், முகமெல்லாம் வீங்கி, அழுது ஓய்ந்துபோயிருந்தாள். அந்த நிலைமையில் அவளை மேலும் நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.