இரண்டு மாதம் மூடிக் கிடந்த கிணறு

தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. ஓடுகிறோம். ஓட்டம் என்று சொல்லக்கூடாது. காலை இழுத்து இழுத்து வைக்கிறோம். மார்கழி பிறந்த மறுநாள். ஆற்றுப் பக்கமிருந்து யாரோ கத்துகிறார்.

"ஏலே, பாலம் முங்கிட்டு! மாடிக்கு ஏறுங்க! மாடிக்கு ஏறுங்கலே!"

வண்ணார்பேட்டையில், ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. மாடிப்படியில் நானும் என் கணவரும். பின்னால் மெர்ஸி. அவள் இடுப்பில் மூன்று வயது மகள். மெர்ஸி எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தவள். கடற்கரை ஊர்க்காரி. கணவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. இவள் காலையில் இடியாப்பம் அவித்துத் தேங்காய்ப்பாலோடு விற்பாள். தெருவே அவளிடம் வாங்கும்.

மாடியிலிருந்து பார்க்கிறேன். தெருச் சாக்கடையின் இரும்பு மூடி எகிறித் தண்ணீரில் விழுகிறது. கறுப்பாகப் பொங்குகிறது. எங்கள் முற்றத்துக் கிணற்றுக்குள் அது இறங்குகிறது. குளக். குளக். குளக். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன்.

வெள்ளம் வடிந்தது. பிளீச்சிங் பவுடர் போட மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். என் கணவர் கிணற்றை மறித்துக்கொண்டு நின்றார். "தாமிரபரணி ஊத்து வே இது. இதுல போயி மருந்தக் கொட்டுவாங்களா?" அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள். நானும் வேண்டாம் என்றேன். பவுடர் வாடை ஆறு மாதத்துக்குப் போகாது என்பது என் கவலை. தகரத்தைப் போட்டு மூடினோம். சும்மா கிடந்தால் தானாகச் சுத்தமாகிவிடும் என்று நினைத்தோம்.

மாசி. ஆற்றிலிருந்து வரும் குழாய் உடைந்து குடிதண்ணீர் நின்றுபோனது. தகரத்தை எடுத்தோம். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தண்ணீர் பளிங்காகக் கிடந்தது. அடியில் விழுந்த சொம்பு தெரிந்தது. வாடை இல்லை. மோட்டாரைப் போட்டேன். தெரு முழுக்கக் குடத்தோடு வந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "காய்ச்சிறாதீய. ருசி போயிரும்."

இதைச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

மெர்ஸி மட்டும் காய்ச்சினாள். பிள்ளைக்கு அடிக்கடி தொண்டை கட்டும், வெந்நீர்தான் கொடுப்பாள். இடியாப்ப மாவுக்கும் கொதிக்கிற தண்ணீர்தான் ஊற்றிப் பிசைய வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் ஆரம்பித்தது. முதலில் எதிர்வீடு, அங்கே ஒரு பெண் மாசமாக இருந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஓங்கரிக்கும் சத்தம். கழிப்பறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். மூடும் சத்தம். திரும்பவும் திறக்கும் சத்தம். விடிவதற்குள் என் கணவர் சுருண்டுவிட்டார். ஆட்டோக்கள் வந்துகொண்டே இருந்தன. கோடி வீட்டு அண்ணாச்சியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வயதானவர், சர்க்கரை நோயாளி. என் கையால் அவருக்கு இரண்டு குடம் ஊற்றியிருந்தேன்.

மருத்துவமனையில் என் கணவருக்குக் குளுக்கோஸ் இறங்குகிறது. டாக்டரம்மா கேட்கிறார், என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்று. சொல்கிறேன். வெள்ளம் உள்ளே போன கிணறா என்கிறார். ஆமாம். அது அப்போதே வடிந்துவிட்டதே, இரண்டு மாதம் ஆயிற்றே என்கிறேன்.

"இருட்டுல, குளுந்த தண்ணியில, இந்த வயித்து வைரஸ் ரெண்டு மாசத்துக்கு மேலயும் சாகாமக் கெடக்கும்மா. தெளிஞ்சிருக்கதப் பாத்து நம்பக்கூடாது."



வீட்டுக்கு வருகிறேன். அண்ணாச்சியைக் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள். போய்விட்டார். எங்கள் வாசலில் கூட்டம். நடுவில் மெர்ஸி.

"தெருவே கெடந்து சாவுது. இவ வீட்டுல மட்டும் ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லையே, அது எப்படி வே?"

"தேங்காப்பால் கெட்டுப்போயிருக்கும். தெரிஞ்சே வித்திருக்கா!"

யாரோ அவளுடைய இட்லிக் கொப்பரையைத் தெருவில் வீசினார்கள். அது உருண்டு என் காலில் முட்டி நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பேசியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அண்ணாச்சியின் மகன்கள் நிற்கிறார்கள். பயம். பயத்தைவிட மானம். கிணற்று வீடு என்றுதான் ஊரில் எங்களுக்குப் பெயர். "மோட்டார் எரிஞ்சுபோச்சு, இனி தண்ணி கெடையாது" என்றேன். அது பொய். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை மெர்ஸி ஊருக்குக் கிளம்பினாள். அடுப்பையும் கட்டி ஆட்டோவில் ஏற்றியாகிவிட்டது. பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதது. கிணற்று உருளை கிறீச்சிடும் சத்தம். ஓடி வந்து பார்க்கிறேன். வாளியில் இறைத்துப் பாட்டிலில் பிடித்துவிட்டாள். பிள்ளை வாயருகே கொண்டுபோகிறாள்.

"மெர்ஸி! குடுக்காத! அந்தத் தண்ணியக் குடுக்காத! கீழ ஊத்து!"

தெருவுக்கே கேட்டது. துக்க வீட்டு வாசலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மெர்ஸி பாட்டிலைக் கவிழ்த்தாள். தண்ணீர் முழுவதும் இறங்கும்வரை என்னையே பார்த்தாள்.

"அப்போ ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

பிறகு மாநகராட்சியிலிருந்து வந்து தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். கிணறுதான் என்றார்கள்.

இழந்தவற்றைச் சொல்ல வேண்டும். கோடி வீட்டு அண்ணாச்சி, ஓர் உயிர். எதிர்வீட்டுப் பெண்ணின் வயிற்றுப் பிள்ளை பிழைத்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மெர்ஸியின் பிழைப்பு. அவளுடைய கொப்பரை ஒன்று, நசுங்கியது. அவள் இருந்த வீடு. அவள் பெயர்.

அவளைத் திட்டியவர்கள் பதினைந்து பேராவது இருக்கும். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டவர் ஒருவரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.